புரட்டாசியில் தீர்ந்த அரிசி

அரிசி டின்னுக்குப் பூட்டுப் போட்ட கையோடு அருணாதேவியைப் போன வாரம் விட்டுவிட்டு வந்தோம். அரிசிக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வருஷம் முழுக்க மாசக் கடைசி வரைக்கும் தாராளமாக வந்த அரிசி, புரட்டாசியில் மட்டும் பாதி மாசத்திலேயே தீர்ந்து டின்னின் அடி தெரிந்தால் அவளும்தான் என்ன செய்வாள்?

சந்தேகம் யார் மேல் என்றால், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா காசியம்மாள் மேல். ஒரு டம்ளர் அரிசி, அரை மூடி தேங்காய் என்று அவ்வப்போது மாடிக்கு ஏறி வரும் பழக்கம் காசியம்மாளுக்கு உண்டு. ஒரு வாரமாக அருணாதேவி அந்த அம்மாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது ஐப்பசி பிறந்துவிட்டது. முதல் ஞாயிற்றுக்கிழமை. புரட்டாசி முழுக்க வாயைக் கட்டிப் போட்டிருந்த திருவண்ணாமலையே கறிக்கடை வாசலில் வந்து நின்றது போல அப்படி ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தில் கையில் ஒயர் கூடையோடு அருணாதேவியும் நின்றாள்.

அவள் கறிக்கடைக்கு வருவதே அதிசயம். அந்த வீட்டில் கறி என்பது தீபாவளி, பொங்கல், ஆடி என்று வருஷத்தில் நாலைந்து தடவை. அதுவும் அரைக் கிலோ. அதையும் சக்திவேல்தான் வாங்கி வருவான். அந்த அரைக் கிலோவில் அரைக் கிலோ உருளைக்கிழங்கைப் போட்டு, இரண்டு வேளைக்கு இழுத்துவிடுவாள் அருணாதேவி. குழம்பில் கரண்டியை விட்டால் முதலில் வருவது கிழங்காகத்தான் இருக்கும்.

கஞ்சத்தனம் என்று சொல்லிவிடாதீர்கள், அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். "இது கணக்கு" என்பாள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கிற இ-சேவை மையத்தில் அவளுக்கு வேலை. மத்தியானம் புளிச்சோற்றைச் சாப்பிட்டு முடித்ததும், பத்து நிமிஷம் நடந்து போய் ஒரு காலி மனையைப் பார்த்துவிட்டு வருவாள். நாலு மூலையிலும் கல் நட்ட, கிழக்குப் பார்த்த மனை. நாலு வருஷமாக அந்த வீட்டு அடுப்பில் நடந்ததெல்லாம் அந்த மனைக்காகத்தான். கீழ்பென்னாத்தூரில் அவள் அப்பா வீட்டு வேர்க்கடலையை ஆட்டி வந்த எண்ணெய், குழம்புக்கு ஒரு சின்னக் கரண்டிக்கு மேல் கிடையாது. பாயசத்தில் முந்திரிக்குப் பதில் வறுத்த வேர்க்கடலை. சக்திவேலுக்கு நாலு இட்லி, மகள் வேதாவுக்கு மூணு. ஐந்தாவது இட்லிக்குக் கை நீண்டால், "ராத்திரிக்கு மாவு வேணாமா?" என்று கேட்டுவிடுவாள். வேதாவின் போனில் இருந்த சாப்பாட்டு ஆப்பைக்கூட அவள்தான் உட்கார்ந்து அழிக்க வைத்தாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு பேங்கில் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்து. பைக் சர்வீஸ் சென்டரில் சூப்பர்வைசராக இருக்கும் சக்திவேலின் சம்பளத்தை வைத்துத்தான் கடன். அவன் கையெழுத்துப் போட்டால் மனை இவர்களுடையது. தீபத்துக்கு முன்னால் பத்திரம், தை பிறந்தால் வீட்டுக்குக் கடைக்கால்.

அதனால்தான் இன்றைக்குக் கறிக்கடை. சக்திவேல் எட்டு மணிக்கே, "ஸ்டாக் செக்கிங், ஞாயித்துக்கிழமையும் டூட்டி" என்று கிளம்பிவிட்டான். வேதா, "ஃப்ரெண்ட் வீட்ல ரெக்கார்டு எழுதணும்மா" என்று பின்னாலேயே கிளம்பினாள். இரண்டு பேரும் திரும்பி வரும்போது வீடு மணக்க வேண்டும். ஒரு முழுக் கிலோ. உருளைக்கிழங்கு கிடையாது. யார் தட்டையும் எண்ணுவது கிடையாது. அதை நினைத்து நினைத்து அவளே சிரித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா!" என்றான் கறிக்கடை மணிவேல். "சக்தி அண்ணன் வூட்டு அக்காதானே? இன்னா, நீங்களே வந்துட்டீங்க?"

"ஒரு கிலோ குடுப்பா. நெஞ்செலும்பா பாத்துப் போடு."

மணிவேலின் கத்தி நின்றது. "இன்னும் ஒரு கிலோவா? இப்பதானேக்கா அண்ணன் ஒன்றரைக் கிலோ வாங்கிட்டுப் போனாரு. ஈரல் தனியா, தலைக்கறி தனியா. பத்தலையா?"

பர்ஸுக்குள் போன அருணாதேவியின் கை அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் நின்ற பெண் கூடையால் இடித்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பது போல அவளுக்கு இருந்தது.

"விருந்தாளிங்க ஜாஸ்தி" என்றாள்.

"அதான பாத்தேன்! புரட்டாசி பூரா அண்ணனைக் காணோமேன்னு இருந்துச்சு. இல்லாட்டி வாராவாரம் மொத ஆளா வந்து நிப்பாரே. ஒரு கிலோ போதுமாக்கா?"

"போதும்."

வாராவாரம். கறியை வாங்கிக் கூடையில் வைத்து, பணத்தைக் கொடுத்து, மீதியை வாங்காமலேயே நடந்தாள். மணிவேல் கூப்பிட்டுக் கொடுத்தான்.

வாராவாரம் வாங்குகிற கறி எங்கே போகிறது? வீட்டுக்கு வரவில்லை. அப்படியென்றால் வேறொரு வீட்டுக்குப் போகிறது. வேறொரு அடுப்பு. அந்த அடுப்புக்கு முன்னால் நிற்பது யார்? இப்படித்தானே எந்தப் பெண்ணும் நினைப்பாள்? அவளும் நினைத்தாள். கல்யாணமாகி இருபத்தோரு வருஷத்தில் சக்திவேலைப் பற்றி அவள் அப்படி நினைத்ததே இல்லை. தெருமுனையில் தோசைக்கல் விற்கிறவனின் கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாத்தனாருக்குத்தான் போன் போட்டாள். தேவிப்ரியா, சக்திவேலின் தங்கை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் வீடு, வாசலிலேயே சின்னக் கடை. கை ரொம்பத் தாராளம், வந்த காசு நிற்காது என்று அருணாதேவி அவளைப் பற்றி ஆயிரம் குறை சொல்வாள். ஆனாலும் மனசு விட்டு அழ வேண்டும் என்றால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"சொல்லுங்கண்ணி!"

"தேவி..." என்றாள் அருணாதேவி. "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க அண்ணன்..."

"அண்ணனா? அண்ணனுக்கு இன்னைக்கு டூட்டி இல்ல?" என்றாள் தேவிப்ரியா, கேள்வி முடிவதற்கு முன்னாலேயே.

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. விசில் அடங்கியதும் ஒரு குரல் கேட்டது.

"அத்தே! ஈரல் முழுக்க அப்பாவுக்கே போட்டுடாதீங்க! எனக்கும் வேணும்!"

கூடவே ஒரு சிரிப்பு. வேதாவின் சிரிப்பு. அதற்கும் மேலே, வாய் விட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு சிரிக்கிற சக்திவேலின் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தன் வீட்டில் எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள் அருணாதேவி. ஞாபகம் வரவில்லை.

"டி.வி. ஓடுதுண்ணி" என்றாள் தேவிப்ரியா.

"ம். இன்னைக்கு என்ன சமையல்?"

"ரசந்தாண்ணி. ரசம், அப்பளம்."

"சரிம்மா. சாப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்னொருத்தி என்றால் சண்டை போடலாம். தெருவில் நின்று கத்தலாம், ஊரைக் கூட்டலாம், அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போகலாம். கூடப் பிறந்தவள் வீட்டில் சோறு சாப்பிட்டான் என்று எந்தப் பெண்டாட்டி பஞ்சாயத்து வைப்பாள்? கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? ஆனால் வயிற்றில் எரிந்தது என்னவோ அதே எரிச்சல்தான்.

எதிரே பூட்டோடு அரிசி டின் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, சுரீர் என்று ஒன்று புரிந்தது.

தேவிப்ரியாவின் புகுந்த வீடு பெருமாள் குடும்பம். புரட்டாசி ஒரு மாசம் அந்த வீட்டுக்குள் முட்டைகூட நுழையாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தளிகை, ஒருவேளைச் சாப்பாடு. அந்த மாசம் அவள் வீட்டில் கறிச்சட்டி அடுப்பேறவில்லை. போக்கிடம் இல்லாமல் அப்பனும் மகளும் மூன்று வேளையும் இங்கேயே சாப்பிட்டார்கள். அரிசி தீர்ந்தது. காசியம்மாளாவது, திருட்டாவது!

மற்ற மாசமெல்லாம்? "பசி இல்ல அருணா, ரெண்டு வாய் மோர்சாதம் போதும்" என்று பாதி நாள் ராத்திரி சக்திவேல் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. "டயட்டும்மா" என்று வேதா சொன்னதும் வந்தது. சிலிண்டர் அக்கம்பக்கத்து வீடுகளைவிட இருபது நாள் கூடுதலாக வருவதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தாளே, அதுவும் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று வந்தது. சித்திரையில் தேவிப்ரியா வீட்டுக்கு வந்திருந்தபோது, இதே டின்னைத் திறந்து காட்டி, "பாத்தியா தேவி, மாசக் கடைசி, இன்னும் கால் டின் இருக்கு. குடித்தனம்னா இப்படி இருக்கணும். நீயும் கத்துக்கோ" என்று சொன்னாள். தேவிப்ரியா டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க கை யாருக்குண்ணி வரும்?" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அது பொறாமை என்று அன்றைக்கு அருணாதேவி நினைத்தாள். சிரிப்பை அடக்கியிருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. அவமானத்தில் காது சுட்டது.

எழுந்தாள். டின்னின் பூட்டைத் திறந்து, பூட்டை ஜன்னல் வழியாகக் கொல்லைப் பக்கம் வீசினாள். பிறகு கறியைக் கழுவினாள்.

சமைக்காமல் விட்டிருக்கலாம். கறியைத் தூக்கி நாய்க்குப் போட்டிருக்கலாம். ஆனால் அவள் சமைத்தாள். சின்ன வெங்காயம் உரித்து, தேங்காயும் கசகசாவும் அரைத்து, எண்ணெய்ப் பாத்திரத்தைக் கரண்டியால் தொடாமல் அப்படியே கவிழ்த்து ஊற்றினாள். பழக்க தோஷத்தில் கை உருளைக்கிழங்குக் கூடைக்குப் போனது. எடுத்த கிழங்கைத் திரும்ப வைத்தாள்.

"இன்னாடி இது, தெருவே மணக்குது!" என்று படியேறி வந்தாள் காசியம்மாள். ஒரு வாரமாகப் பேசாதவள் வீட்டுக்கு வருகிறோமே என்ற தயக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை, வாசனை அப்படி.

அருணாதேவி ஒரு கிண்ணம் நிறையக் கறியாகப் பார்த்துப் போட்டு நீட்டினாள். "மொதல்ல நீங்க சாப்பிடுங்கம்மா."

"ஐயோ, இவ்ளோவா? எனக்கா?" என்று கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, அவள் முகத்தையும் பார்த்தாள் காசியம்மாள். "கண்ணு ஏன் இப்படிச் செவந்துகெடக்கு?"

"வெங்காயம்."

காசியம்மாள் கிண்ணத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வேறு எதுவும் கேட்காமல் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் ஆகும் முன்னே இரண்டு பேரும் வந்தார்கள். முதலில் வேதா. கால் மணி நேரம் கழித்து சக்திவேல். ஒன்றாக வந்தால் தெரிந்துவிடும் என்று முறை வைத்து வருகிறார்கள்! இதையும் இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தோமே என்று அருணாதேவி தன்னையே திட்டிக்கொண்டாள்.

"உக்காருங்க. ரெண்டு பேருக்கும் பசி உயிர் போகுமே."

"இல்ல அருணா, கடைல டீ குடிச்சேன்..." என்று ஆரம்பித்த சக்திவேலின் மூக்கில் அப்போதுதான் வாசனை ஏறியது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "கறியா? இன்னைக்கு ஏன் திடீர்னு?"

"நாளைக்குக் கையெழுத்து. சந்தோஷமா சாப்பிடலாம்னு நானே போய் வாங்கியாந்தேன்."

"நீயே போனியா?"

"நானேதான்."

அப்பனும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்ததை அருணாதேவி பார்த்தாள். தட்டைப் போட்டாள். சோற்றைக் குவித்தாள், நடுவில் குழி பறித்தாள், குழம்பை ஊற்றினாள். கரண்டி கரண்டியாகக் கறி. ஒரு துண்டு கிழங்குகூட இல்லை. நாலு வருஷத்தில் அந்த வீட்டுத் தட்டில் அப்படி ஒரு சாப்பாடு விழுந்ததில்லை.

"சாப்பிடுங்க. இன்னைக்கு யாரும் எண்ண மாட்டேன்."

சக்திவேல் சாப்பிட்டான். வேறு வழி? முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது மெதுவாகப் போனது. வேதா சோற்றைத் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அருணாதேவி எதிரே உட்கார்ந்து, தட்டில் கொஞ்சம் குறைந்தாலும் உடனே போட்டாள்.

"போதும் அருணா."

"இன்னும் கொஞ்சம். ஒங்களுக்குப் புடிச்ச நெஞ்செலும்பு."

"நெஜமா போதும்."

"ஈரலும் வாங்கியிருக்கலாம். மணிவேல்கிட்ட ஈரல் தீந்துபோச்சு. காலைலயே யாரோ தனியா வாங்கிட்டுப் போயிட்டாங்களாம்."

சக்திவேலின் கை தட்டிலேயே நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை. வேதா பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, ப்ளீஸ்மா. இறங்கலம்மா."

"எப்படி இறங்கும்? ஒன்றரைக் கிலோ உள்ள இருக்கே."

அருணாதேவி கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"எத்தனை நாளா?" என்றாள் அருணாதேவி.

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றான் சக்திவேல், தட்டைப் பார்த்துக்கொண்டே. "சம்பளத்துல கை வெக்கல அருணா. அதை அப்படியே ஒன் கைல குடுத்துட்டேன். இது இன்சென்டிவ் காசு. தேவிகிட்ட குடுத்துடுவேன், அவ ஆக்கிப் போடுவா."

"என் சமையல் நல்லால்லியா?"

"ஐயோ, அப்படி யாரு சொன்னா?"

"அப்புறம்?"

"எண்ணிப் போட்டா தொண்டைல இறங்கல" என்றான் அவன். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது குரலில் தெரிந்தது. "நாள் பூரா நின்னு வேலை பாத்துட்டு வர்றேன். அஞ்சாவது இட்லிக்குக் கை நீட்டினா நீ மாவுப் பாத்திரத்தைப் பாக்கற. அங்க அவ சட்டியோட கொண்டாந்து வெச்சிடறா. என் தட்டை யாரும் பாக்கறதில்ல."

"எண்ணினேன்" என்றாள் அருணாதேவி. "ஆமா, எண்ணினேன். ஒங்களுக்கு நாலு, இவளுக்கு மூணு. எனக்கு எத்தினின்னு சொல்லுங்க பாப்போம்."

இரண்டு பேரும் விழித்தார்கள்.

"சொல்லுங்க. நாலு வருஷமா ஒரே வீட்ல சாப்பிடறோம். நான் எத்தினி சாப்பிடறேன்?"

அவர்களுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"ரெண்டு. மாவு கம்மியா இருந்தா பாத்திரத்தை வழிச்சி ஒரு தோசை. கொள்ளு ரசமும் மோருமா நாலு வருஷம் ஓட்டினேன். நாம மூணு பேரும் சேந்து வாயைக் கட்டறோம்னு நெனச்சி, அந்தத் தெம்புல ஓட்டினேன். பாத்தா, நான் ஒருத்திதான் கட்டியிருக்கேன்!"

"அம்மா..." என்றாள் வேதா.

"நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டீங்க, சரி, பசி. எனக்கும் பசிதானே? கறி வாசனை எனக்கு மட்டும் புடிக்காதா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நீயும் வா அருணா'ன்னு கூப்பிடத் தோணலையா?"

வேதாதான் சொன்னாள். பத்தொன்பது வயசு, மனசில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடும்.

"நீ வந்தா அத்தை வீட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத்தாம்மா பாப்ப. யாராலயும் சாப்பிட முடியாது."

பெற்ற மகள் சொன்னாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அருணாதேவி தாங்கியிருப்பாள். வேதாவுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அருணாதேவி அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி. ஆனது ஆகிப்போச்சு. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டா நான் பட்டதுக்கெல்லாம் ஒரு அர்த்தம் இருக்கும். அங்க போனதும் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் தளர்த்திக்கலாம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."



வேதா அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அத்தைகிட்ட சொன்னதை அம்மாகிட்டயும் சொல்லிடுங்கப்பா. இன்னும் எதுக்கு?"

"என்ன சொன்னாரு?"

சக்திவேல் தட்டிலேயே கையைக் கழுவினான். நாலு வருஷத்தில் முதல் முறையாக அந்த வீட்டில் பாதித் தட்டுச் சோறு மிச்சமானது.

"நான் கையெழுத்துப் போடல அருணா."

அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போல முகத்தைச் சாய்த்தாள்.

"இருபது வருஷத் தவணை. அது முடியறப்ப எனக்கு அறுவத்தாறு வயசு. அது வரைக்கும் இதே நாலு இட்லி, இதே கொள்ளு ரசம். நீ தளர்த்தறேன்னு சொல்லுவ. ஒன்னால முடியாது, எனக்குத் தெரியும். இந்த வாடகை வீடே எனக்குப் போதும்."

"இதை எப்ப முடிவு பண்ணீங்க?"

"ஆடிலயே."

"தேவிக்கு எப்ப தெரியும்?"

"அப்பவேதான்."

ஆவணியில்தான் அருணாதேவி, தேவிப்ரியாவை ஆட்டோ வைத்து வேங்கிக்காலுக்குக் கூட்டிப் போய் மனையைக் காட்டினாள். முள்ளுக்கும் கல்லுக்கும் நடுவே நடந்து, இது ஹால், இது வேதா ரூம், இங்கே சாமி அலமாரி என்று காலால் கோடு கிழித்தாள். தேவிப்ரியா அந்தக் கோட்டுக்குள்ளேயே ஜாக்கிரதையாக நடந்து வந்தாள். "சமையல்கட்டை மட்டும் பெருசா வைங்கண்ணி" என்றாள். நடக்கப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே சொன்னாள். அருணாதேவியும் அந்தப் பேச்சைக் கேட்டு, சமையல்கட்டுக்கு இரண்டு அடி கூட்டி, புதிதாகக் கோடு போட்டாள். சனியன் பிடித்த அந்த இரண்டு அடிதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

அவள் எழுந்து சமையல்கட்டுக்குள் போனாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, சட்டியை அப்படியே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நெஞ்செலும்பைக் கடித்து உறிஞ்சினாள். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். மூன்றாவது தடவையும் போட்டுக்கொண்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அது தெரிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் தேவிப்ரியா. அருணாதேவி எடுக்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு, தினமும் செய்வது போல ராத்திரிச் சோற்றுக்கு அரிசி எடுக்க டின்னைத் திறந்தாள். சக்திவேல் வந்து நிலைப்படியில் நின்றான். அவனுக்குப் பின்னால், அழுது வீங்கிய முகத்தோடு வேதா நின்றாள்.

அருணாதேவி அரை டம்ளர் அரிசியை அளந்து சொம்பில் போட்டாள். தண்ணீர் விட்டுக் களைந்தாள். டின்னை மூடினாள்.

"அரை டம்ளர் ஒருத்திக்குத்தானே வரும்" என்றான் சக்திவேல். "எங்களுக்கு?"

அருணாதேவி திரும்பிப் பார்க்காமல் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிடற வீடு எதுன்னு நாளைக்குப் பத்து மணிக்கு பேங்க்ல வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் ஒங்களுக்கு அரிசி போடறேன்."